உப்புத் தண்ணீரில் கத்தரி

தெலுக் பங்லிமா காராங்
12.3.1995

அன்புள்ள நசீமாவுக்கு,

ராஜம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். போன மாதம் தடுப்புக்கரை உடைந்து, கடல் தண்ணீர் என் கத்தரித் தோட்டத்தில் மூன்று நாள் நின்றது. செடியெல்லாம் போச்சு. மண்ணை நாக்கில் வைத்தால் கரிக்கிறது. பக்கத்து நிலத்தை வாங்கிய தொழிற்சாலைக்காரர்கள் இதையும் கேட்கிறார்கள். விற்றுவிட்டு சுபாங் ஜெயாவுக்குத் தன்னோடு வரச் சொல்கிறான் என் மகன் விஜயன். அவன் அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த மண்தான். கிள்ளான் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, செடி ஆராய்ச்சிக்குப் போனவள் நீ. ஒரு வழி சொல்லக்கூடாதா?

ராஜம்மா

பிரிக்பீல்ட்ஸ்
26.3.1995

பிரியமுள்ள ராஜம்மா,

எட்டு வருஷம் கழித்து உன் கையெழுத்து! படியிலேயே நின்று படித்தேன். நீ நம்பமாட்டாய், என் வேலையே அதுதான். கடலோரச் சேற்றில் பாக்காவ் மரம் உப்பைத் தாங்கி நிற்கிறதல்லவா? அதற்கு உதவும் மரபணு ஒன்றை எடுத்துக் கத்தரிக்குள் வைத்திருக்கிறோம். ஐந்து வாரமாக உப்புத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மரபணு வைக்காத செடிகள் பத்தும் கருகிவிட்டன. வைத்ததில் நான்கு பச்சையாக நிற்கின்றன. அவசரப்பட்டு விற்காதே. ஒரு வருஷம் பொறு, விதை தருகிறேன். உடனே பதில் போடு.

துஆவுடன்,
நசீமா

தெலுக் பங்லிமா காராங்
28.1.1996

அன்புள்ள நசீமா,

மாதம் தவறாமல் எழுதுகிறாய். தபால்காரர் கார்த்திகேசு, "யாருக்கா இந்த பிரிக்பீல்ட்ஸ்காரி?" என்று கிண்டல் பண்ணுகிறார். நிலத்தை விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலைக்காரர்களும் வேறு இடம் வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். விஜயனுக்கு என் மேல் கோபம், பொங்கலுக்குக்கூட வரவில்லை. உன் செடி இத்தனை உயரம், இத்தனை இலை என்று எழுதுகிறாய். பூவைப் பற்றி ஒரு வரி இல்லையே. முப்பது வருஷம் கத்தரி போட்டவளிடமா மறைக்கிறாய்?

ராஜம்மா

பிரிக்பீல்ட்ஸ்
6.2.1996

ராஜம்மா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். செடி உயிரோடு இருக்கிறது, பூக்கவில்லை. மொட்டு வந்தாலும் உதிர்ந்துவிடுகிறது. உப்பைத் தாங்குவதிலேயே அதன் தெம்பெல்லாம் போய்விடுகிறது போலும். போன ஜூலையிலேயே எனக்கு இது தெரியும். விதை வந்தாலும் உனக்குத் தந்திருக்க முடியாது. சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்பது விதி. முதல் கடிதம் எழுதும்போதே அதுவும் தெரியும். சொன்னால் நீ விற்றுவிட்டுப் போய்விடுவாய், எனக்குக் கடிதம் எழுத யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயந்தேன். இங்கே எனக்கு யாருமில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நசீமா

தெலுக் பங்லிமா காராங்
1.3.1996

நசீமா,

கோபம் ஆற இத்தனை நாளாயிற்று. நிலத்தைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. விஜயன்தான் மனசு இறங்கி, என்னையும் சாமான்களையும் கூட்டிப்போக நாளைக்கு லோரி கொண்டுவருகிறான். "அப்பவே சொன்னேன்லா, அம்மா" என்றான், அவ்வளவுதான்.

நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து மாதமாகியும் காய்க்காத கத்தரி இனிக் காய்க்காது. ஆகஸ்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தேதான் விற்காமல் இருந்தேன். நிலம் போய்விட்டால் நீ எதைப் பற்றி எழுதுவாய்?

கிள்ளானில் பஸ் மாறினால் உன் வீட்டுக்கு இரண்டு மணி நேரம். தனியாக இருக்கிறேன், வா என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். நானும் எழுதவில்லை. ஒரு வருஷம் பூராவும் இரண்டு பேரும் செடியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம்.

விஜயன் வீட்டு விலாசத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜம்மா