ஈர்க்கு சொல்லாத அகலம்

ஆனி 12, செவ்வாய்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. சட்டையெல்லாம் புழுதி. ஊரில், கிளிவெட்டியில் இருக்கும் அப்பா, லோஞ்சுப் படகில் டவுனுக்கு வந்த ஆளிடம் ஒரு தென்னை ஈர்க்கு கொடுத்துவிட்டிருந்தார். தன் பாதத்தின் நீளத்துக்கு முறித்தது. "றப்பர் செருப்பு போதுமாம்."
தங்கச்சியின் கலியாண வரவேற்பு ஹோட்டலில். மாப்பிள்ளை வீட்டார் துறைமுக உத்தியோகத்தர். அவர்கள் முன்னால் அந்த வெடித்த, விரிந்த கால்களா? ஈர்க்கை வைத்துக் கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கினேன். நீளம் சரி.

ஆனி 20, புதன்
வரவேற்பு முடிந்தது. அப்பா வாசலிலேயே நின்றார்.
"நோகுதோ?" என்று கேட்டேன்.
"இல்லையடா. இந்தக் காலில ஒண்டும் தெரியிறேல்ல."
சீனி வருத்தத்தில் மரத்துப்போன கால். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். சம்பந்தி கதிரை இழுத்துப் போட்டார். இந்த ஊர் காலைப் பார்த்துத்தான் கதிரை கொடுக்கும். பெருமையாக இருந்தது. தூ.

ஆடி 17, செவ்வாய்
நாலு நாளாக லோஞ்ச் இல்லை. இன்று ஓடியது; அப்பா அதில் வந்து இறங்கினார். வலது காலில் நாற்றம்.
ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்தார். "காலில இருபத்தாறு எலும்பு தம்பி. நடக்கேக்க முன்பாதம் விரிய வேணும். வெறுங்காலில வயல் உழுத கால் இன்னும் அகலம். ஒடுக்கமான சப்பாத்து சின்ன விரலை உரஞ்சியிருக்கு. உணர்ச்சி இல்லாததால இவருக்குத் தெரியேல்ல. புண் எலும்பையும் அரிச்சிட்டுது. விரலை எடுக்க வேணும். பரவினால் காலையும். ஆர் வாங்கினது?"
அப்பா: "திரும்பிப் போகேக்க ஆமிச் சென்றியில கழட்டச் சொன்னாங்கள். மகன் வாங்கினது எண்டு திரும்பப் போட்டனான்."

ஆடி 19, வியாழன்
விரல் போய்விட்டது. கால் தப்பும் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். ஏலவில்லை. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லையே.

ஆடி 23, திங்கள்
நான் வேலை செய்யும் கந்தோரிலிருந்து பெரிய கிளாக்கர் வார்ட்டுக்கு வந்தார். அப்பாவின் கால் கட்டைப் பார்த்தார். "மிதிவெடியோ?"
"ஓம் சேர்," என்றேன்.
அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.
அவர் போனதும் பக்கத்துக் கட்டில் புல்மோட்டைக்காரர் திரும்பினார். மீன்பிடிகாரர். மிதிவெடியில் வலது கால் முழங்காலோடு போனவர். "எவடத்தில மிதிச்சனீங்கள் அண்ணன்?"
அப்பா என்னைப் பார்க்கவில்லை. "வயல் வரம்பில."
"விரலோட விட்டுதே. அதிட்டம்." கட்டிலுக்குக் கீழே கையை விட்டார். "மனிசி பழக்கத்தில சோடியாக் கொண்டுவந்திட்டாள். வலது எனக்கு இனி என்னத்துக்கு? போடுங்கோ."
றப்பர் செருப்பு. அகலமானது. குனிந்து மாட்டிவிட்டேன்.
கட்டோடும் கால் அடங்கியது.