கலைக்காத பத்து பாட்டில்கள்

நல்லூர், திருப்பூர்
21.11.2023

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். டப்ளினில் குளிர் அதிகமாகிவிட்டது என்று அப்பா செய்தியில் பார்த்தார். காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். என்னைப் பற்றி மட்டும் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படி. உடனே கூப்பிடாதே, நாளைக்குக் கூப்பிடு.

கொரோனாவில் போன வாசனை எனக்குத் திரும்பி வரவில்லை.

நீ சொன்ன ஒளிச் சிகிச்சைக்குக் கோயம்புத்தூருக்குப் பன்னிரண்டு முறையும் போனேன். அதில் பொய் இல்லை. மூக்கின் ஒவ்வொரு பக்கமும் பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சில நிமிடம் சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். பிறகு நாக்கின் ஓரங்களில். வலி கிடையாது. பலன் நிச்சயம் என்று டாக்டர் ஒரு நாளும் சொல்லவில்லை. நீ அனுப்பிய கட்டுரைகளையும் படித்தேன். சோதித்த ஆட்கள் குறைவு. தானாகவே குணமாகிறவர்களும் உண்டு. சிலருக்குப் பயன்படலாம். எனக்குப் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பத்துக்கு ஏழு மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்பாய். முதல் நாள் ஜெயசுதா என்ற நர்ஸ், பத்து சின்ன பாட்டில்களை ஒவ்வொன்றாக என் மூக்கருகே பிடித்து, நான்கு பெயர் சொல்லி, இதில் எது என்று கேட்டாள். இரண்டுதான் சரி. கற்பூரமும் யூகலிப்டஸும். அவை மூக்கில் சில்லென்று உறைத்தன. அதை வாசனை என்று சொல்ல முடியாது. முடிந்ததும் அந்தப் பெண் ஆறுதலாக, எந்த பாட்டிலில் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். கடைசி நாள் அதே தட்டு, அதே வரிசை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மூன்றாவது காப்பி, நான்காவது எலுமிச்சை என்று ஞாபகம் சொல்லிக்கொண்டே போனது. மூக்கில் ஒன்றுமே இல்லை. எங்கள் துணிச் சோதனை லேபில் மாதிரிகளை வரிசை கலைத்து வைக்காத பெண்களை நானே எத்தனை முறை கடிந்திருக்கிறேன். அன்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயசுதா, "ஏழுங்க மேடம்" என்று கை தட்டினாள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காந்திபுரத்தில் பஸ் ஏறும் முன் உன்னைக் கூப்பிட்டேன். காப்பி வாசம் வருதாம்மா என்று கேட்டாய். வருது கண்ணு என்றேன். நீ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள், ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

துணியை ஜாடியில் அடைத்து வைத்து, மறுநாள் மோந்து பார்த்து நாற்றத்துக்கு மார்க் போடும் வேலையிலிருந்து, காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய அன்றே விலகிக்கொண்டேன். ஆபீசில் உண்மை சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை. வீட்டில்தான். காப்பி வாசம் வருது என்று சொன்ன மறுநாளே அப்பா ஊத்துக்குளி போய் நெய் வாங்கி வந்தார். தோசைக்கல்லில் உருக்கிவிட்டு, "இது தெரியுதா பாரதி?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியுதுங்க என்றேன். அதிலிருந்து தினமும் எல்லாவற்றிலும் நெய். எனக்கு அது சூடாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. வருத்தம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. சாப்பிடுகிறேன், தட்டைக் கழுவுகிறேன்.

இப்படியே விட்டிருப்பேன். நீ இணையத்தில் வாசனை போனவர்களின் அந்தக் குழுவில், 'என் அம்மாவுக்குக் குணமாகிவிட்டது' என்று எழுதினாய் அல்லவா? அதை வீரபாண்டியில் ஷாஸியா என்ற பெண் படித்திருக்கிறாள். நம் முகவரியை உன்னிடம்தான் கேட்டு வாங்கினாளாம். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா அலாவுதீனை அழைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணங்களுக்கு பிரியாணி செய்கிறவர். அவருக்கும் அதே காய்ச்சலில் வாசனை போனதுதான். "உப்பு நாக்குல தெரிஞ்சுருங்க. மசாலா பச்ச வாசம் போயிருச்சான்னு மூக்குதானுங்க சொல்லோணும்" என்றார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

மெதுவாக ஒன்று கேட்டார். "உங்களுக்கு மொதல்ல என்ன வாசம் வந்துச்சுங்க?"

காப்பி என்றேன். எந்தக் கிழமை, எந்த வேளை என்றுகூடச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷாஸியாதான் சட்டென்று எழுந்தாள். "ஆன்ட்டி, பால் தீயுதுங்க."

நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். ஷாஸியா உள்ளே ஓடி அடுப்பை அணைத்தாள். "எனக்கும் தெரியலீங்க" என்றார். கறுப்பு டீ குடித்தார்கள்.

ஷாஸியா வண்டியைத் திருப்பும்போது அவர், யாருக்காகச் சொன்னீங்க என்று கேட்டார். என் பொண்ணுக்காகங்க என்றேன். "நானும் கல்யாண ஊட்டுக்காரங்ககிட்ட வாசம் தெரியுதுன்னுதானுங்க சொல்லிட்டிருக்கறேன்" என்று சிரித்தார். இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன் என்றார். கிளினிக் நம்பரைக் கொடுத்து, பாட்டில்களைக் கலைத்து வைக்கச் சொல்லுங்க என்று சொன்னேன். அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து அடிப்பிடித்த பாத்திரத்தைப் பார்த்தார். அவரே தேய்த்தார். மறுநாள் தோசைக்கு நெய் ஊற்றவில்லை.

நீ எழுதியதை எடுத்துவிடு. அந்த இடத்தில், பன்னிரண்டு முறை போயும் மாற்றமில்லை, ஏழு என்பது செல்லாது, பாட்டில் வரிசை மாறவில்லை என்று எழுது. என் பெயரைப் போட்டே எழுதலாம்.

இன்னொன்று. எனக்கு வாசனை போன அந்தப் பொங்கலுக்கு நீ காய்ச்சலோடு வந்தாய், உண்மைதான். அதே வாரம் லேபில் நான்கு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையும் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் நான் செய்து பார்க்க மாட்டேன். போன ஜூனில் வந்தபோது பத்து நாளும் வீட்டுக்குள் மாஸ்க்கோடு இருந்தாய். தட்டை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விட்டாய். நான் அப்போதே பேசியிருக்க வேண்டும்.

தைப்பொங்கலுக்கு வா, சாமி. மாஸ்க் வேண்டாம். அப்பா முற்றத்தில்தான் பானை வைப்பார். நடுவில் வாசலில் யாரோடாவது பேசப் போய்விடுவார். பொங்கல் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள என் பக்கத்தில் ஒரு மூக்கு வேண்டும்.

முருகன் உன்னை நன்றாகத் தூங்க வைக்கட்டும்.

அம்மா
ஜெயபாரதி