எதிரியோடு சிரித்த குற்றம் குறித்து வேங்கைமலைக்குச் சென்ற ஓலை

நலம் ஓங்குக. முகில் வந்து தங்கும் மலைமுடிகள் ஒன்பதிற்கும் உரியவரும், தேனடை தொங்கும் பாறைகளின் காவலரும், கொடுத்த வாக்கில் பிறழாதவருமான வேங்கைமலை நாட்டுப் பெருங்கோ வெற்பனார் திருமுன்பு, மூன்று புறமும் அலை பாடும் ஆம்பல்துறை நாட்டின் அரசி தாழைநங்கை வணக்கம் கூறி வரைவித்த ஓலை. தங்கள் மலைகளில் மழை முறைதவறாது பெய்க. தினைக்கதிர் தலைசாய விளைக. தங்கள் குடிகள் கதவைத் தாழிடாமல் உறங்குக. விடியற்போதில் எங்கள் மீனவர் கடலிலிருந்து திரும்பிப் பார்க்கையில் தங்கள் மலைநிரை நீலப்புகை போல் தெரிகிறது. அதைக் கொண்டே அவர்கள் கரை அறிகின்றனர். ஐந்தாண்டுக்கு முன் நம் இரு நாடுகளும் போரிட்ட நாட்களிலும் அதைப் பார்த்தே அவர்கள் வீடு சேர்ந்தனர்.

தங்கள் தூதர் எம் அவையில் உரைத்ததை முழுவதும் கேட்டோம். எம் படைத்தலைவர் விடங்கனார் ஆனித் திங்களில் எல்லையாகிய தூவலாற்றைக் கடந்து தங்கள் கரையில் மூன்று நாள் தங்கினார் என்றும், அவரைப் பிணிக்காமல் உணவளித்துக் காத்த கரைக்காவல் தலைவர் அத்திக்கோன் இப்போது சிறையில் இருக்கிறார் என்றும், ஆவணி முழுநிலவு நாளில் அவருக்குத் தீர்ப்பு என்றும் தூதர் சொன்னார். அவர்மேல் சாட்டிய குற்றங்களுள் கடைசியானது, எதிரியோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார் என்பது. சொன்னவை யாவும் உண்மை. மறுப்பதற்காக இதை எழுதவில்லை. நடந்தது எவ்வாறு நடந்தது என்பதை, விடங்கனாரும் அவருடன் சென்ற பரிசல்காரி நொச்சியும் தனித்தனியே சொல்லக் கேட்டபடி முதலிலிருந்து சொல்கிறோம். பொறுத்துக் கேட்டருள்க.

விடங்கனாருக்கு அகவை ஐம்பத்து மூன்று. போர் ஓய்ந்த பின்பும் அவருக்குள் அது ஓயவில்லை. உணவை நின்றபடியே உண்பார். மகள் வயிற்றுப் பேத்தி மடியேற வந்தால், தம் கை நடுங்குவதை அக்குழந்தை பார்த்துவிடும் என்று அஞ்சி விலகிப் போவார். ஒருநாள் அவை நடுவே பணியாள் ஒருவர் நீர்க்கலத்தைத் தவறவிட, அந்த ஓசைக்கு அவர் வாளை உருவிவிட்டார். உருவிய வாளை எப்படி உறையில் இடுவது என்று மறந்தவர் போல் எம்மைப் பார்த்து நின்றார். அன்றே அவருக்கு ஓய்வு விதித்தோம்.

பூங்காவில் படுத்துக் கிடக்கும் ஓய்வு அவருக்கு ஆகாது என்று அறிவோம். ஆகவே உடல் களைத்து நெஞ்சு இளகும் வழிகள் சிலவற்றை அவர்முன் வைத்தோம். குதிரையேறிக் கடற்கரை மணலிலேயே தென்முனை வரை செல்லலாம்; முத்துக்குளிப்போருடன் மூழ்கிச் சங்கு எடுக்கலாம்; சதுப்புக் காட்டில் தோணி தள்ளி, நாரைகள் கூடுகட்டும் திட்டுகளைக் கண்டுவரலாம்; அன்றித் தூவலாற்றின் மேல்துறையில் பரிசலேறி ஏழு நாளில் கடல்முகம் வந்து சேரலாம் என்றோம். அவர் தலைகுனிந்து, தேவி, நான் செய்த பிழை என்ன என்று கேட்டார். பிழை ஒன்றுமில்லை, போய்வாரும் என்றோம். இவற்றுள் எது விரைவில் முடியும் என்றார். பரிசல்தான் என்றதும் அதையே ஏற்றுக்கொண்டார்.

மேல்துறையில் நொச்சி அவரை மேலும் கீழும் பார்த்து, ஐயா, இரும்பு எதுவும் ஏற்றமாட்டேன், பரிசலின் தோல் கிழிந்தால் இருவருக்கும் நீச்சல்தான் என்று சொல்லிவிட்டாள். வாளையும் குறுவாளையும் அவர் துறைக்காவலரிடம் ஒப்படைத்தார். அதற்குச் சான்றாகத் துறைக்காவலர் கீறிக்கொடுத்த ஓலை நறுக்கு இத்துடன் வருகிறது. படைக்கலம் ஏந்தியோர் ஆற்றைக் கடக்கலாகாது என்பதே நம் உடன்படிக்கை; அவர் கையில் துடுப்பு தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

முதல் நாள் அவர் பரிசலின் நடுவே முதுகை நிமிர்த்திக் காவல்கோபுரத்தில் இருப்பவர் போல் அமர்ந்திருந்தார். வளைவு ஒன்று வந்தது. அந்த நாணற்புதரில் வில்லாளர் நாற்பது பேரை மறைத்து வைக்கலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நொச்சி உதட்டில் விரல் வைத்து, அங்கே நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது ஐயா, மெல்லப் பேசுங்கள் என்றாள். அவர் பேச்சை நிறுத்தினார். நாணலுக்குள்ளிருந்து ஈரத்தலைகள் மூன்று எட்டிப் பார்த்து உள்ளிழுத்துக்கொண்டன. அதன் பிறகு அன்று முழுவதும் அவர் எந்த வளைவிலும் வில்லாளரை எண்ணவில்லையாம்.

இரண்டாம் நாள் அருவியோரம் கொடியைப் பற்றிப் பாறையேறினார்கள். உச்சியில் உள்ளங்கை தோலுரிந்து மூச்சிரைக்கக் கிடந்தவர், வெயிலில் சூடேறிய பாறையிலேயே நண்பகலில் உறங்கிப்போனார். பகலில் உறங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது அவருக்கே நினைவில்லை. மூன்றாம் நாள் ஆறு அகன்று, ஓட்டமே தெரியாமல் நின்றது. நொச்சி துடுப்பை அவரிடம் கொடுத்தாள். அவர் தள்ளத் தள்ளப் பரிசல் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுழன்றது. அவள் தடுக்கவில்லை. மலைகள் மெல்லச் சுற்றி வந்தன. மூங்கில் வந்தது, வெண்மேகம் வந்தது, மீண்டும் மூங்கில் வந்தது. நீரிலும் ஒரு வானம் சுற்றியது. எது மேல், எது கீழ் என்று புரியாமல், அதைப் புரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லாமல், அவர் துடுப்பை மடியில் கிடத்திவிட்டு அப்படியே இருந்தார். கை நடுக்கம் நின்றிருந்ததைக் கரையேறும்போதுதான் கண்டதாகச் சொன்னார்.

நான்காம் நாள் மேல்மலையில் மழை. நீர் செம்மண் நிறமாகி வருவதை நொச்சி கண்டு கரையொதுங்குமுன் வெள்ளம் வந்துவிட்டது. பரிசல் பாறையில் மோதிப் பிளந்தது. அவள் தோள்மூட்டு நழுவிவிட்டது. ஒரு கையால் அவளைப் பற்றியபடி விடங்கனார் இரு கரையையும் பார்த்தார். எம் கரை தொலைவில், பாறைகளுக்கு அப்பால் இருந்தது. தங்கள் கரையோ அருகில், மணலாக இருந்தது. அதில் வேங்கைப்பூ பொறித்த எல்லைக்கல் நனைந்து நின்றது. அந்தக் கல்லைத் தாண்டிக் கால் வைத்தால் மீண்டும் போர் மூளலாம் என்று அவர் அறிவார். ஐந்தாண்டாக அவர் உறங்காதது அந்த அச்சத்தால்தான். அதற்குள் நொச்சியின் தலை நீருக்குள் போயிற்று. அவர் கல்லை நோக்கி நீந்தினார்.

மணலில் ஏறியதும் வேல்கள் ஐந்து அவரைச் சூழ்ந்தன. அத்திக்கோன் முன்வந்து, நீர் யார் என்று வினவினார். பொய்ப்பெயர் ஒன்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவர் தம் பெயரையும் பதவியையும் உள்ளபடி சொன்னார். அத்திக்கோன், உம் படையோடு பொருதுதான் என் இளவல் மாண்டான் என்றார். பின் தம் வேலினை மணலில் ஊன்றி, முதலில் அந்த அம்மையின் தோளைப் பார்ப்போம் என்று சொல்லி, தாமே முழந்தாளிட்டு எலும்பை இடத்தில் பொருத்தினார். பிறகு தினைக்கஞ்சியும் தேனும் வந்தன. வெள்ளம் வடியும்வரை இருவரும் காவல்குடிலில் இருக்கலாம் என்றும், நடந்தவற்றை ஒளிக்காமல் தம் அரசருக்கு எழுதப்போவதாகவும் அவர் சொன்னார். அப்படியே எழுதினார். தங்களுக்கு வந்த முதற்செய்தி அவர் கையெழுத்தில் வந்ததே.

மறுநாளும் வெள்ளம் வடியவில்லை. குடிலில் அடைந்து கிடந்த விடங்கனாரைப் பார்த்து அத்திக்கோன், எங்கள் மலையை நீர் கீழிருந்து மட்டுமே பார்த்திருக்கிறீர், வாரும் என்றழைத்தார். முகிலுக்குள் நுழைந்து ஏறினார்கள். முன்னே செல்பவரின் முதுகு மட்டும் தெரிந்தது. பாசி படிந்த மரங்கள் அருகில் வந்து நின்று, பின் இல்லாமல் போயின. காலடி ஓசையைக்கூடப் பாசி உறிஞ்சிக்கொண்டது. நெடுநேரம் ஏறிய பின் திடீரென்று வெயில். காலடியில் வெண்மை கடல்போல் பரந்து கிடந்தது. அதற்குக் கீழே எங்கோ தூவலாறும், தங்கள் நகரும், எம் நகரும் இருந்தன. அங்கே அமர்ந்து அத்திக்கோன் தம் இளவலைப் பற்றிப் பேசினார். குழலூதத் தெரியாமலே ஊதி ஊரை விரட்டுவானாம். விடங்கனார் தாம் இழந்த வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ்வளவு பெயர்களையும் அவர் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இறங்கும் வழியில் ஈரப்புல் சரிவு ஒன்று இருக்கிறது. மலைவாணர் பாக்குமட்டையில் அமர்ந்து அதில் சறுக்கிச் செல்வராம். அத்திக்கோன் ஒரு மட்டையை நீட்டினார். எம் படைத்தலைவர் மறுத்தார், பிறகு அமர்ந்தார், பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை. காற்று வாயை நிறைக்க, நரைமுடி பறக்க, மூச்சுவிடவும் நேரமின்றிச் சரிவின் அடியில் சேற்றில் போய் விழுந்தார். பின்னால் வந்த அத்திக்கோன் அவர்மேலேயே வந்து விழுந்தார். இருவரும் எழவில்லை. சேற்றில் கிடந்தபடி வயிறு நோகச் சிரித்தார்கள். தங்கள் காவலருள் ஒருவர் கேட்டுத் தங்களுக்கு அறிவித்தது அந்தச் சிரிப்பைத்தான்.

கரையேறிய நான்காம் நாள் நீர் வடிந்தது. இருவரையும் அத்திக்கோன் தம் பரிசலிலேயே ஆறு கடத்திவிட்டார். விடங்கனார் ஊர் சேர்ந்த அன்று பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவைக்கு வந்தார்.

பெருங்கோவே, குற்றம் உண்டென்றால் அது ஓய்வு விதித்த எம்முடையது. கரை கேட்டு வந்தவர்க்குக் கரை தந்தவரைத் தாங்கள் விடுவிக்க வேண்டும் என்று இரக்கிறோம். இவ்வேண்டுதலைத் தங்கள் அவையில் வைக்கத் தூதரை அனுப்ப எண்ணினோம். விடங்கனார் தாமே செல்வதாகக் கேட்டார். எதிரோட்டத்தில் ஒன்பது நாள் தாமே துடுப்புத் தள்ளி, படைக்கலம் இன்றி, துணையும் இன்றி வந்து, இவ்வோலை படிக்கப்படும் இந்நேரம் தங்கள்முன் நிற்பவர் அவரே. அத்திக்கோனை விடுவிக்க இயலாதெனில் அவர் இருக்கும் சிறையிலேயே தமக்கும் இடம் தருமாறு அவர் கேட்கக்கூடும். அவரைத் தங்கள் நீதிக்கு விட்டோம்.

எம் குடிகளுக்கு யாம் இடும் ஆணையும் இதில் அறிவிக்கிறோம். இவ்வாண்டு முதல் நம் இரு நாட்டுப் படையினருள் எவரேனும் இளைப்பாற வேண்டித் தூவலாற்றில் இறங்கினால், அவர் எந்நாட்டவர் என்று எம் துறைக்காவலர் கேட்கலாகாது. பரிசலும் துடுப்பும் கட்டுச்சோறும் கொடுத்து அனுப்புக. நீரும் மலையும் உள்ள நாள்வரை இது நிற்க. ஆம்பல் முத்திரை இட்டோம். தாழைநங்கை.

ஓலையின் மறுபுறத்தில் வேங்கைமலைக் கோவின் மறுமொழி:

ஆம்பல்துறை அரசியார்க்கு வெற்பன் வணக்கம். ஓலையை அவையில் இருமுறை படிக்கச் செய்தோம். அத்திக்கோனை வரவழைத்து, சிரித்தது உண்மையா என்று வினவினோம். உண்மை, அவர் சேற்றில் விழுந்த அழகைக் கண்டிருந்தால், அரசே, தாங்களும் சிரித்திருப்பீர் என்றார். அவரை விடுவித்து, அவர் வேலினையும் பதவியையும் திரும்பத் தந்தோம். தங்கள் ஆணை எம் கரைக்கும் ஆணையாகுக.

தங்கள் படைத்தலைவரை உடனே அனுப்ப இயலாமைக்குப் பொறுத்தருள்க. முடிசூடிய பதினெட்டு ஆண்டில் எம் ஒன்பது மலைமுடிகளுள் ஒன்றையும் யாம் காலால் ஏறியதில்லை என்பது இன்றுதான் நினைவுக்கு வந்தது. நாளை விடியலில் அவரும் அத்திக்கோனும் எம்மை அழைத்துச் செல்கின்றனர். எட்டு நாளில் திரும்புவோம். அதுவரை அமைச்சர் எவரும் எம்மைத் தேடி ஆள் விடலாகாது. இது எம் ஆணை. வேங்கைப்பூ முத்திரை.