பெரியவளின் பெட்டிக்கு ஒரு பிராசசர்

அன்புள்ள பெரியவள் அப்பாவுக்கு,

நானும் சின்னவளும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், கை வரமாட்டேன் என்கிறது. அந்தத் தூரதேசத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் ‘ம்’ என்பதற்கு மேல் பதில் இல்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறினது போலத்தான் இருக்கும். சின்னவள் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இது நமக்குள்.

விஷயம் அந்தக் கம்ப்யூட்டர்தான். மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாமல் படியுங்கள்.

கேம் ஆடுவதற்கென்று பெரியவள் போன் கடைச் சம்பளத்தில் மாதம் ஒரு சாமானாக வாங்கி வைத்தாளே, அந்தப் பெட்டி பக்கக் கதவு திறந்தபடி மேஜைமேல் அப்படியே இருக்கிறது. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாங்கிவிட்டாள், பிராசசர் ஒன்றுதான் பாக்கி. அதுதான் மூளை, அது இல்லாவிட்டால் வெறும் தகரம் என்கிறாள் சின்னவள். உங்களிடம் கேட்டதற்கு “எடுத்து யாருக்காவது குடுத்துரு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். யாருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு திருகாணியும் அவள் கையால் முறுக்கினது. தொடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை, மேஜையைத் துடைக்கக்கூட முடியவில்லை. முடித்துவைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லத் தெரியாது.

எந்தப் பிராசசர் என்று அவள் ஞாயிறுதோறும் உங்களோடுதான் பேசுவாள். அடுப்படியில் நின்று காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியாகப் பேசின ஞாயிறு அவள் சின்னது போதும் என்றாள். நீங்கள், “அதெல்லாம் பொம்மைச் சாமான், பொறு, லீவுல வர்றப்ப நானே பெருசா வாங்கித் தர்றேன்” என்று சத்தம் போட்டீர்கள். அவளும் “சரிப்பா” என்று வைத்துவிட்டாள். ஆகவே பெரியதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். பெயர் என்ன, எண் என்ன என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இத்தனை அலைந்திருக்க வேண்டாம்.

சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் அம்மா, “கம்ப்யூட்டரா? போர்வையெல்லாம் இனிமே அதுலதான் மடிக்கப் போறியா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய.

முதல் கடையில் இருந்தவன் என் முகத்தையே பார்க்கவில்லை. “கேமா, ஆபீஸ் வேலையா?” கேம் என்றேன். “ஆறு கோரா, எட்டு கோரா?” எது நல்லது தம்பி என்றேன். “அது ஆடுற கேமைப் பொறுத்தும்மா. எந்த கேம்?” தெரியாது. “எந்த மதர்போர்டு?” தெரியாது. அவனுக்கு அலுத்துவிட்டது. யாருக்கு என்று கேட்டான். என் மகளுக்கு என்றேன். “அப்ப அவங்களையே கூட்டிட்டு வந்துருங்களேன், அவங்ககிட்ட சொன்னா டக்குனு புரியும்.”

சரிப்பா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவன்மேல் தப்பில்லை. இரண்டு தெரு தாண்டின பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

மறு வாரம் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். இந்தப் போர்டுக்குச் சேரும் என்று ஒருவன் இரண்டு பிராசசரை எடுத்து வைத்தான். ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றில் எண் பெரிதாக இருந்தது. எங்கள் சலவை மெஷினில் எண் பெரிதானால் துணி அதிகம் பிடிக்கும். அதே நினைப்பில் பெரிய எண்ணைக் காட்டி இதைக் கொடு என்றேன். “கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குல்ல?” என்று கேட்டான். எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்ன இருக்கிறது என்று எனக்கெங்கே தெரியும்? இன்னொரு தடவை தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

சின்னவள் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினாள். பொத்தானை அமுக்கினதும் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒயரை ஆட்டினோம், கழற்றி மாட்டினோம், மானிட்டரைத் தட்டினோம். மத்தியானம் முழுக்க இதே பாடு. சின்னவள், “உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஏம்மா இப்படிப் பண்ற?” என்று அழுதாள். கடைக்குக் கொண்டுபோனால் உறை கிழிந்ததைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். கடைக்காரன்மேல், என்மேல், உங்கள்மேல்தான் அதிகம். அவள்மேலும்கூட. ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகக் கூடாதா?

கடைசியில் தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரை, கண்ணாடி என்பார்களே, அவரைக் கூட்டிவந்தேன். உள்ளே ஒரு பார்வைதான் பார்த்தார். “இந்த பிராசசர்ல படம் காட்டுற பாகமே கிடையாதும்மா. தனியா கார்டு போட்டாத்தான் மானிட்டர்ல ஏதாவது வரும். யாரு இதை வாங்கச் சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு ரேம் என்கிறார்களே, அந்த நீளத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உங்க பொண்ணு விவரமான ஆளும்மா. ரேம் ரெண்டா, அதுவும் வேகமானதா வாங்கிருக்கு. கார்டு இல்லாம, படம் காட்டுற பாகம் உள்ளயே இருக்குற சின்ன பிராசசர் போடுறவங்கதான் இப்படித் தேடி வாங்குவாங்க. அது இந்த ரேமை வச்சுத்தான் படம் காட்டும்” என்றார்.

ரேம் வந்த சின்ன டப்பாவில் பில் மடித்து வைத்திருந்தது. அதில் இருந்த கடை எண்ணுக்கு அவரே போன் போட்டார். அந்தச் சின்ன பிராசசருக்கும் அன்றைக்கே சொல்லி வைத்திருந்தாளாம். கையிருப்பு இல்லை, வெள்ளிக்கிழமை வரும் என்றார்களாம். வந்ததாம். போன் பண்ணினார்களாம், யாரும் எடுக்கவில்லையாம்.

பில்லில் மற்றது எனக்குப் படிக்கத் தெரியாது. தேதி படிக்கத் தெரியும். நீங்கள் சத்தம் போட்டது ஞாயிறு. பில் திங்கள். காய்ச்சல் வந்தது வியாழன்.

புரிகிறதா உங்களுக்கு? உங்களிடம் சரிப்பா என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் போய்த் தன் இஷ்டப்படி வாங்கியிருக்கிறாள் அந்தக் கள்ளி. ஒரு நாள்கூட உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் பொறு என்றதால்தான் பிள்ளை ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காமல் போய்விட்டாள் என்று நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லவில்லை. அவள் காரியத்துக்கு வந்து இருந்த ஐந்து நாளும் அந்த மேஜைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தீர்களே, அதில் தெரிந்துகொண்டேன். இறக்கி வையுங்கள். உங்கள் பேச்சை அவள் கேட்கவே இல்லை. என் பேச்சை எப்போது கேட்டாள், உங்கள் பேச்சைக் கேட்க.

அந்தச் சின்னதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வாங்கிவிடுவேன். நான் வாங்கின தண்டத்தைக் கண்ணாடி யாரிடமாவது தள்ளிவிடுகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு சின்னவள் மாட்டப் போகிறாள். அவள் சொல்வது எனக்குப் புரியாது, நான் சொல்வது அவளுக்கு எரிச்சல். பக்கத்தில் ஒருவர் இருந்து இப்படி மாட்டு, அப்படி மாட்டு என்று சொன்னால் தேவலை. பத்து மணிக்கு உங்களை வீடியோவில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கிரேன்மேல் இருந்தேன், காதில் விழவில்லை என்று சொல்லாதீர்கள். ஞாயிறு உங்களுக்கு வேலை இல்லை.

எடுங்கள். என்னோடு பேச வேண்டாம். உங்களை ஏமாற்றினாளே, அதற்கு அவளைத் திட்டுவதாக இருந்தால் நன்றாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். இந்த வீட்டில் அவளை யாராவது திட்டி எத்தனை நாளாகிறது.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி