நாக்கடியில் பத்துச் சொட்டு

மார்ச் 2

அன்புள்ள லேப் மேடத்துக்கு,

போனில் பேசினால் நான் எந்த நிலையில் பேசுகிறேன் என்று தெரியாது, எழுதினால் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும் என்றாய். இதோ எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொள்.

வீட்டை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கஞ்சாவைத் தொட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது! டாக்டரிடம் வாரா வாரம் போகிறேன். முதல் வாரம் பொட்டுத் தூக்கம் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலெல்லாம் எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு கடையில் சிபிடி எண்ணெய் வாங்கினேன். பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. இதுவும் கஞ்சாச் செடியிலிருந்து வருவதுதான். ஆனால் ஆளை மிதக்க வைப்பது டிஎச்சி என்கிற வேறு சரக்கு. அதை எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்கிறார்களாம். நெருப்பும் புகையும் கிடையாது, நாக்கடியில் பத்துச் சொட்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன், ஏழு மணிக்கெல்லாம் வேலையில் நிற்கிறேன்.

நம் மகள் வாலுவை ஒரே ஒரு நாள் என்னோடு விடுவாயா? உடனே முடியாது என்று எழுதிவிடாதே, ஒரு நாள் யோசித்துவிட்டு எழுது.

உன்
லிஃப்ட்காரன்


மார்ச் 7

லிஃப்ட்காரருக்கு,

ஒரு நாளில்லை, மூன்று நாள் யோசித்தேன். கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்கவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். நீங்கள் பால்கனியில் புகை விட்டுக்கொண்டு, “நல்லா தூங்கறா, எழுப்பாத” என்றீர்கள். அவள் தூங்கவில்லை, மயங்கிக் கிடந்தாள். அது உங்களுக்குத் தெரியவே இல்லை.

நீங்கள் சொல்வது பாதி சரி. புகைத்தால் சில நிமிடத்தில் மூளைக்குப் போய்விடும். நேரம் தெரியாது, பக்கத்தில் நடப்பது உறைக்காது. சிபிடி அப்படிச் செய்யாது. அதற்காக அது வெறும் தண்ணீர் இல்லை. சிலரை மந்தமாக்கும், ஈரலைத் தொந்தரவு செய்யும், வேறு மாத்திரைகளோடு மோதும். டாக்டரிடம் சொன்னீர்களா? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிக் கடைச் சரக்கில் லேபிளில் இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது என்று யார் கண்டது? நீங்கள் வேண்டாமென்று விட்ட டிஎச்சியே அதில் இருக்கலாம். லேபிளை நம்பி ஏழு வயதுக் குழந்தையை விட என்னால் ஆகாது.

இத்துடன் ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் தினம் எடுக்கிற பாட்டிலிலிருந்தே ஐந்து மில்லி ஊற்றி அனுப்புங்கள். எங்கள் லேபிலேயே சோதித்துப் பார்க்க டைரக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

வாலுவின் அம்மா


மார்ச் 12

மேடம்,

குப்பி வருகிறது. மூடியை நான்கு முறை இறுக்கினேன்.

டாக்டரிடம் சொன்னேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்றார். வேறு மாத்திரை எதுவும் இல்லாததால் தப்பித்தேன். தூக்கத்துக்கு இது உதவும் என்று இன்னும் உறுதியாக யாரும் சொல்லவில்லையாம், அளவைக் கூட்டக் கூடாதாம். ஆனால் கேள், இந்த வாரச் சிறுநீர்ப் பரிசோதனை முதல் முறையாகச் சுத்தம்! தாளை உள்ளே வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படி.

ஒன்றை மறைக்க மனமில்லை. உன் ரிப்போர்ட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதில் டிஎச்சி இருந்தால் இதையும் விட வேண்டும். விட்டால் ஒரு வாரம்கூடத் தாங்குவேனா தெரியவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதே அந்தப் பத்துச் சொட்டுதான். நானாக ஒன்றும் நிற்கவில்லை.

லிஃப்ட்காரன்


மார்ச் 17

மேடம்,

ரிப்போர்ட் என்ன ஆயிற்று? தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். நேற்று இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிய ஐந்து பேரை வெளியே எடுத்தேன். அவர்களே என்னைவிட நிதானமாக இருந்தார்கள். நல்லதோ கெட்டதோ, எழுதிவிடு.

லிஃப்ட்காரன்


மார்ச் 20

என் லிஃப்ட்காரருக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. என் எழுத்துதான் இன்று கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்ணெயில் டிஎச்சி இல்லை, துளிகூட இல்லை. அதோடு சிபிடியும் இல்லை! முதலில் எங்கள் கருவிதான் மக்கர் செய்கிறது என்று நினைத்தேன். சிபிடி கலந்து வைத்திருக்கும் எங்கள் ஒப்பீட்டுக் கரைசலைச் செலுத்திப் பார்த்தேன், உடனே காட்டியது. மறுபடி உங்களுடையதைப் போட்டேன். மூன்று முறை போட்டும் ஒன்றுமில்லை. அது வெறும் தேங்காய் எண்ணெய். வேறு பாட்டிலில் உண்மையான சரக்கு இருக்கலாம், எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. உங்கள் பாட்டிலைச் சொல்கிறேன். மீதியைத் தலைக்குத் தேய்த்துக் குளியுங்கள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். எண்ணெய் போய்விட்டால் நீங்களும் போய்விடுவீர்களோ என்று பயம். என் அக்கா, “சொல்லித் தொலைக்காத, நம்பிக்கிட்டே இருக்கட்டும்” என்றாள். அவள் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் மறைத்தால், நாற்பது நாளாக நீங்கள் செய்ததை ஒரு போலிப் பாட்டில் செய்ததாக விட்டுவிடுவேன். எனக்கு மனசு வரவில்லை. உங்களை எதுவும் பிடித்து நிறுத்தவில்லை. நீங்களேதான் நின்றீர்கள். தூங்கியதும் நீங்கள்தான்.

டாக்டரிடம் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இன்றே இந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். மறுபடி புகைக்கத் தோன்றினால் எனக்குப் போன் செய்யுங்கள், தடுத்து வைத்திருந்த உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன்.

வரும் வியாழக்கிழமை எனக்கு வெளியூரில் பயிற்சி, மூன்று நாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கா வருவதாக இருந்தது. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை ஆறரைக்கு நான் கிளம்ப வேண்டும், அதற்குள் வந்துவிடுங்கள். எழுந்திருக்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று வாலு கேட்டாள். அப்பா என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
லேப் மேடம்