பட்டியில் கோளாறு இல்லை, மாப்ள

என் அன்பு மாப்ள அன்வருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் தொட்டியில் மறுபடியும் மீன் விட்டிருக்கிறேன். இன்றோடு நாற்பது நாள். ஒன்றுகூடச் சாகவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது.

கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி வெளியே கொடுக்கிறேன். உன் பெயரைக் கெடுத்ததும் நாலு பேர் முன்னால்தானே. உன்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: கோரிப்பாளையத்தில் கண்ணாடிக்கடை வைத்திருந்தவன் நீ. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பாய். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அன்றிலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மச்சான். உன் ஜீனத் எனக்குத் தங்கச்சி.

கே.கே. நகரில் நான் வீடு கட்டி முடித்தபோது, "எல்லாரும் கடிகாரம் குடுப்பாய்ங்க. நான் உனக்கு மீன் தொட்டி செஞ்சு தாரேன்" என்றாய். இரண்டடி நீளத்துக்கு இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, உள்ளே கண்ணாடியை நிறுத்தி, தண்ணீர் கசியாதபடி இடுக்கில் பட்டிப் பசை வைத்து அடைத்தாய். கடையிலேயே தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் போட்டிருந்தாய். தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை. அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிச் சிரித்தாய்.

குடிபோக ஒரு மாதம் இருக்கும்போதே தொட்டி ஹாலுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வெயில் விழுந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும் என்று உள்சுவர்ப் பக்கம் வைத்தாய். வைகை மணலை ஏழெட்டுத் தண்ணீரில் அலசிப் பரப்பினாய். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்து, பிளீச்சிங் பவுடர் வாடை போன பிறகுதான் ஊற்றவிட்டாய். கண்மாயில் பறித்த வேலம்பாசியைப் பின்பக்கமும், நாடா மாதிரி நீண்ட இலைச்செடியை ஓரங்களிலும் நட்டாய். நட்டுவிட்டு, மீனே இல்லாத தொட்டிக்கு டியூப்லைட்டைப் போட்டாய்.

"மீன் எப்படா விடுவே?" என்று நான் நச்சரித்தேன்.

"தண்ணி பழகணும் மச்சான். செடி வேர் விடட்டும். கட்டுன வீட்டுல ஈரம் காயாம நீ குடி போவியா?"

மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனாய். நான் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் ஒன்றாக வேண்டும் என்று கேட்டதற்கு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "கோல்டு ஃபிஷ் செடியைப் பூராம் பிடுங்கிரும். ஏஞ்சல் வளந்துச்சுன்னா கப்பிக் குஞ்சு ஒண்ணு மிஞ்சாது. ஃபைட்டரு தனிக்கட்டை, அதை விட்ரு. ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாததாப் பாத்து விடுவோம்" என்றாய். முதலில் மூன்று கப்பி. அவை ஒரு வாரம் சுகமாக இருந்ததைப் பார்த்த பிறகு இன்னும் மூன்று கப்பி, இரண்டு பிளாட்டி. பாலிதீன் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றான பிறகுதான் பையின் வாயை அவிழ்த்தாய். உன் வேலையில் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

உனக்கு அது வெறும் அன்பளிப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். படத்துக்குச் சட்டம் போடுகிற வேலை குறைந்துகொண்டே வந்தது. "இனி இதுதான் மச்சான் நம்ம தொழிலு" என்று இன்னும் ஆறு தொட்டிக்கு ஆங்கிள் வெட்டி வைத்திருந்தாய். என் மேனேஜர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, புள்ளிபுள்ளியாக வரும் இலங்கை டி.வி. பார்ப்பதைவிட இது நன்றாக இருக்கிறது, எனக்கும் ஒன்று என்றார். பக்கத்துத் தெரு கிளினிக் டாக்டரும் கேட்டிருந்தார். கிரகப்பிரவேசத்தன்று இருவரும் வருவதாக இருந்தது.

அன்று காலையில் செக்கானூரணியிலிருந்து வந்த பெரியத்தை, முந்தின நாளே பிடித்து வைத்த கோமியத்தைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். அதைச் சொம்பில் ஊற்றி, மாவிலையால் எல்லா அறையிலும் தெளித்தாயிற்று. தொட்டி முன்னால் வந்ததும் அத்தை நின்றுவிட்டாள்.

"இம்புட்டு இடத்துலயும் தெளிச்சிட்டு இதை மட்டும் விட்டா எப்புடி? கண்டவுக கைபட்டு வந்தது. சொம்புல இருக்கிறதை உள்ள ஊத்தி விட்ரு."

"மீன் கெடக்கு அத்தை."

"மாட்டுக் கோமியம் மீனை என்ன செஞ்சிரப் போகுது? நல்ல நாளும் அதுவுமா எதுத்துப் பேசாத."

ஹாலில் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "அன்வர் என் மாப்ள, அவன் கையில் என்ன தீட்டு" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொம்பில் இருந்ததை ஊற்றினேன், மாப்ள. அத்தை ஊற்றவில்லை. நான்தான் ஊற்றினேன், இந்தக் கையால். நீ அப்போது பின்னால் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தாய்.

பதினோரு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாப்பாட்டு நேரத்தில் எட்டும் மிதந்தன. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன பாண்டி, எல்லாம் செத்துக் கெடக்கு?" என்றார். டாக்டரும் பக்கத்தில் நின்றார். அத்தை என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடிக்கு வச்ச பட்டி ஒத்துக்கலை போல சார். நம்ம பாய் புதுசாச் செஞ்சு பழகுறாரு" என்றேன்.

மாப்ள என்று சொல்லக்கூட வாய் வரவில்லை, பார்த்தாயா? பாய் என்றுதான் வந்தது.

நான் சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது. கையில் சாம்பார் வாளியோடு வந்து தொட்டியைப் பார்த்தாய். என் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்க மச்சான். நல்ல நாள்ல உன் வீட்டுல இப்புடி ஆக்கிப்பிட்டேன்" என்றாய்.

"பரவால்ல, விடு மாப்ள" என்றேன். நான் உன்னை மன்னித்தேன். இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் என் ஆயுளில் நான் செய்ததில்லை.

மேனேஜர் தொட்டி வேண்டாம் என்றார். டாக்டரும் வேண்டாம் என்றார். நீ தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா இருந்தாயா? ஆறு ஜாம் பாட்டிலில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கப்பி விட்டு, வேறுவேறு பட்டியை உருட்டிப் போட்டுப் பார்த்தாய். ஒரு சாயங்காலம் நான் கடைக்கு வந்தபோது எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் சாகலையே மச்சான். எதுல தப்பு விட்டேன்னே தெரியலையே" என்றாய். நான் டீயைக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் உன் மனம் புண்படும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண்படாமல் காப்பாற்றியது உன்னையா, என்னையா?

பிறகு ஆங்கிளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாய். தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, "மீன் விடாத மச்சான், சும்மா பூச்செடி வச்சுக்க" என்றாய். அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். பார்க்காமல் இருப்பதற்குப் பரண் நல்ல இடம். அதற்குப்பின் மூன்று வருஷம். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. மையவாடியில் எல்லாரும் மண் அள்ளிப் போட்டபோது நான் கடைசி ஆளாக நின்றேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தொட்டியை இறக்கினேன். பட்டியை மாற்றவில்லை, நீ வைத்த அதே பட்டி. மணல் அலசி, செடி நட்டு, மூன்று வாரம் நீ சொன்னபடி காத்திருந்து கப்பி விட்டேன். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுகிறேன். தீனி ஒரு சிட்டிகை. வேலம்பாசிக்குள் கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் ஒளிந்துகிடக்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வருகிறது. என் மகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையம் போனேன். "வாங்கண்ணே" என்று ஜீனத் நாற்காலி போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கோமியத்தையும் சொன்னேன், "கண்டவுக கை" என்று அத்தை சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவுக வச்ச பட்டி நல்ல பட்டிதானா?"

"நல்ல பட்டி, தங்கச்சி."

"ஆஸ்பத்திரியில கெடக்குறப்பகூட, எதுல தப்புன்னு தெரியாமயே போறேனேன்னு சொன்னாக. நான் இம்புட்டுப் பெரிய விசயமான்னு வஞ்சேன்."

எழுந்தேன். எப்போதும் "போயிட்டு வாங்கண்ணே" என்று வாசல்வரை வருகிறவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. கிரகப்பிரவேசத்தன்று வந்திருந்த அத்தனை பேரும் வருகிறார்கள். திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிப் போன மேனேஜருக்கும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டேன். பெரியத்தையும் வருகிறாள். பந்திக்கு முன்னால், தொட்டியின் பக்கத்தில் நின்று, பட்டியில் கோளாறு இல்லை, ஊற்றியது நான்தான் என்று சொல்வேன். அத்தை மேல் பழி போட மாட்டேன். உன்னைப் பாய் என்றும் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஜீனத் இனி என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா தெரியாது. அவள் கூப்பிடாதவரை கீழே மச்சான் என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் உனக்கு வேறு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மச்சான்,
பாண்டி