சாமை டிரம்மில் வைத்த லேப்டாப்

ஐப்பசி 14, புதன்

கவிதா தூங்கிவிட்டாள். பெற்ற எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் அவளுடைய லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்து உடனே அணைந்துபோனது. சார்ஜரை மாற்றினாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பழையதாக வாங்கியதுதான் என்றாலும் இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஸ்ஸுல கொண்டு போறப்ப எங்கியோ கீழ போட்டிருக்கே."

"இல்லீங்கம்மா, நான் போடவே இல்லீங்க."

"பொய் சொல்லாத, வாய மூடு" என்றேன்.

செம்மேட்டுக்குக் கொண்டுபோனோம். ரிப்பேர் கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். மேசைமேல் பொலபொலவென்று சாமை கொட்டியது. உள்ளே இருக்கும் ஃபேனில் சாமை மாட்டிச் சுற்றாமல் நின்றிருக்கிறது. அதனால்தான் அணைகிறதாம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வாரம் அவள் பரீட்சைக்கு நாமக்கல் போயிருந்தாள். இங்கே நாலு நாளாக விடாத மூடுபனி. ஈரம் ஏறிவிடுமே என்று, நனைந்த போனை அரிசிக்குள் வைக்கிற மாதிரி, நான்தான் லேப்டாப்பைச் சாமை டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். அவள் வந்ததும் எடுத்துத் துடைத்துக் கொடுத்ததும் நான்தான்.

"ஏனுங்க, இத யாராச்சும் சாமைக்குள்ள வெப்பாங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

கவிதா என்னைப் பார்த்தாள். "நாந்தானுங்க தெரியாம வெச்சுட்டேன்" என்றாள்.

நான் கூலியை எண்ணிக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதும், வைத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

இப்போது லேப்டாப் ஓடுகிறது. எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவளிடம் போனேன். இரண்டு தடவையும் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.